காபிக்கு முன் ஒரு மணி நேரம்

ஜூன் 9, திங்கள்

எழுதச் சொன்னது டாக்டர். எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார். "கதை மாதிரியெல்லாம் வேண்டாம்மா. நடந்ததை எழுதினாப் போதும்" என்றார். லேபுக்கு மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. முதல் ஐந்து மாதம் வெள்ளையாக இருக்கிறது. அந்த மாதங்களிலும் வந்துகொண்டுதான் இருந்தது.

இன்று பஸ்ஸில் வந்தது, மேம்பாலத்தின் மேல். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, எதையும் நினைக்கவில்லை. துணி வைக்காமல் ஓடவிட்ட ஓவர்லாக் மெஷின் போல நெஞ்சு ஓடத் தொடங்கியது. விரல்கள் மரத்தன. இங்கேயே செத்துவிடுவேன், என் அடையாள அட்டையைப் பார்த்து லேபுக்குப் போன் செய்வார்கள் என்று தோன்றியது. கண்டக்டர், "என்ன பாப்பா, வாந்தியா? ஜன்னலோரம் வந்துரு" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரம் நடந்தேன்.

லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லோடு வேன் ஓட்டுகிறார், பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. "என்ற புள்ள லேப்ல ஃபேனுக்கடியில உக்காந்து வேல பாக்குது" என்று எல்லாரிடமும் சொல்வாள். நான் நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறேன். அதை நான் திருத்துவதில்லை.

செப்டம்பரோடு ட்ரெய்னிங் முடிகிறது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று லேபை நடத்துகிற சார் அப்போது சொல்வார். கை நடுங்குகிற பெண்ணிடம் யார் கையை நீட்டுவார்கள்?

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனது வீட்டில் தெரியாது. லேபில் சாமான் கணக்கெடுப்பு என்று சொல்லிவிட்டுப் போனேன். டாக்டர் நஸ்ரீன் கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன். இது பேனிக் என்கிற திடீர்ப் பய நோய் போலத்தான் இருக்கிறது, ஆனால் தைராய்டு கூடிப்போனாலும் இப்படியே படபடக்கும், அதை முதலில் பார்த்துவிடுவோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 11, புதன்

ஜெனிட்டா அக்கா எனக்கு ரத்தம் எடுத்தார். லேபில் எனக்கு மூத்தவர், தூத்துக்குடிக்காரர். "ஏ பிள்ள, ஊருக்கெல்லாம் குத்துற, உனக்குக் குத்துனா கண்ண மூடுத" என்றார்.

டி.எஸ்.எச் 2.1. மற்றதும் சரியாக இருந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அழுகை வந்தது. எல்லாம் சரி என்று வந்த ரிப்போர்ட்டுக்கு அழுத ஆள் எங்கள் லேபில் நானாகத்தான் இருப்பேன். பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தைராய்டாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் போலிருக்கிறது. அம்மாவின் கம்பெனியில் மேசைக்கு ஒருத்திக்குத் தைராய்டு. சாப்பாட்டு வேளையில் குழம்பைப் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அது சொல்லக்கூடிய வியாதி.

ஜூன் 12, வியாழன்

நேற்று கையில் ஒட்டிய பஞ்சோடே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏங் கண்ணு, கையில என்ன?"

"ரத்தம் குடுத்தேன்மா. தைராய்டு டெஸ்ட்டு."

"எதுக்கு?"

"நெஞ்சு படபடங்குது கொஞ்ச நாளா."

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. கவலைப்படுவாள் என்று நினைத்திருந்தேன். தொலைத்த சாவி கிடைத்தவள் போல ஆனாள்.

"அதான பாத்தேன். என்ற வயித்துல பொறந்துட்டு உனக்கு மட்டும் இல்லாமப் போகுமா? இதுக்கா இத்தன நாளு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்சே? நீ காலேஜ் சேந்த வருசத்துல இருந்து எனக்கு இருக்குது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ரிப்போர்ட் வந்துவிட்டதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயமாகிவிட்டது.

"மாத்திர எழுதிக் குடுத்தாங்களா?"

"மாத்திரையெல்லாம் வேண்டாம்மா."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

ஜூன் 14, சனி

டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். மாத்திரை எழுதினார். வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகுமாம். லேப் பையிலேயே வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறேன்.

"தைராய்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா மேடம்?" என்று கேட்டேன். அங்கே போனதிலிருந்து நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. பேனிக் இருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குத் தைராய்டு நல்லாத்தான் இருக்கும். சிலருக்கு மூளை தைராய்டைக் கட்டுப்படுத்தற விதம் கொஞ்சம் வேற மாதிரி இருக்குங்கறாங்க. இன்னும் தெளிவா எதுவும் சொல்ல முடியல. உங்களுக்கு நல்லா இருக்கு. அதைப் பத்தி யோசிக்காதீங்க."

கழுத்திலிருக்கிற தைராய்டுச் சுரப்பியைக் கூப்பிட்டு வேலை வாங்குவது மூளை. டி.எஸ்.எச் என்பது அந்தக் கூப்பிடுகிற குரல். சுரப்பி மந்தமானால் குரல் ஏறும். ஹார்மோன் தேவைக்கு மேல் இருந்தால் குரல் அடங்கிவிடும். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். என் குரல் அளவாக இருக்கிறது. பின் எதற்கு இந்த ஓட்டம்?

ஜூன் 19, வியாழன்

இன்று வரவில்லை.

காலை எழுந்ததும் ஒரு தம்ளர் சீரகத் தண்ணீர். அம்மாவின் புது ஏற்பாடு. சூட்டைத் தணிக்குமாம். காபி கேட்டால் உடனே தருவதில்லை.

"சித்த நேரம் பொறு. சீரகத்து மேல காபி விட்டா அது ஒடம்புல புடிக்காது."

அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்த்துத்தான் பாலை வைக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து ஃபில்டர் காபி. அதற்குள் எனக்குத் தலை வலிக்கிறது. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை.

ஜூன் 27, வெள்ளி

வந்தது, ஆனால் சின்னது. மூச்சை எண்ணி விட்டேன். மேம்பாலம் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இறங்கவில்லை. மாத்திரை வேலை செய்கிறதோ.

காலை சீரகத் தண்ணீர். மதியம் தக்காளிச் சாதம்.

ஜூலை 8, செவ்வாய்

வேலை செய்யவில்லை. எல்லாம் கூடிவிட்டது. முன்பு வந்துவிட்டுப் போகும், இப்போது போவதே இல்லை. உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு ஓடுகிறது. வெயிலில்லாத நாளிலும் வியர்க்கிறது. பசிக்கிறது, தின்கிறேன், சுடிதார் தொளதொளவென்று தொங்குகிறது.

காலையில் ஒருவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினேன். பனியன் வியாபாரி, தடித்த கை. "ஏம் பாப்பா, என்ற கையில எம்ப்ராய்டரி போடறயா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். நான் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை ஜெனிட்டா அக்கா எடுத்தார்.

சாயங்காலம் அம்மாவிடம், "நெம்ப முடியலம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் சாமி. இன்னொரு மாசம் போனாச் சரியாயிரும்."

"எது?"

"எல்லாந்தான்."

ஜூலை 12, சனி

டாக்டர் நஸ்ரீன் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். அடுத்த மாதம் வரச் சொன்னார். பொறுமையாக இருக்க வேண்டுமாம். சரி.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துணிகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன.

அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் கழித்துப்போட்ட ஸ்வெட்டர், முன்னால் ஏதோ ஆங்கில எழுத்து. எனக்கு வியர்க்கிறது, அவளுக்குக் குளிர்கிறது. ஃபேனைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தோம்.

"ஃபேனக் கொஞ்சம் போட்டுக்கறேம்மா."

"போட்டுக்கோ. நான் அந்தப் பக்கம் போயிக்கறேன்."

அந்தப் பக்கம் போய்ப் படுத்தவள் தூங்கிவிட்டாள். பகலில் தூங்குகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. ஓவர்டைம் அதிகம் போலிருக்கிறது. முகம்கூட உப்பியிருந்தது. சாம்பார் நான்தான் வைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வந்தது. சீரகத் தண்ணீர்.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு சின்னக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. என் கையைப் பார்த்துவிட்டு, குழந்தையின் அம்மா, "வேற ஆளு இல்லீங்களா?" என்று ஜெனிட்டா அக்காவிடம் கேட்டாள். என் எதிரிலேயே கேட்டாள். அவள் கேட்டது சரிதான்.

மதியம் சார் கூப்பிட்டார். திட்டவில்லை. "கொஞ்ச நாள் ரிப்போர்ட் டெஸ்க்ல இரும்மா. செப்டம்பர்ல பாத்துக்கலாம்" என்றார்.

இப்போது நிஜமாகவே ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அம்மா எதுவும் செய்யவில்லை. வருடா வருடம் தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் செய்து டப்பாக்களில் கட்டுவாள். இந்த வருடம், "அடுத்த வருசம் பாத்துக்கலாங் கண்ணு" என்றாள். குரல் கரகரத்துப்போயிருக்கிறது. போனில் அப்பா, "யாரு பேசறது?" என்று கேட்டார். "உங்க சம்சாரம்தான், வேற எவ பேசுவா?" என்று அம்மா சொன்னதும்தான் சிரித்தார்.

காலை சீரகத் தண்ணீர் மட்டும் தவறவில்லை. இவ்வளவு களைப்பிலும் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பாப்பாத்தியக்கா வந்திருந்தார். அம்மாவோடு அதே செக்கிங் மேசையில் நிற்பவர். அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏம் பாப்பா, உங்கம்மாளுக்கு என்னாச்சு? நின்னுட்டே தூங்குது. போன வாரம் அது பாத்து விட்ட பீஸுல கையகல ஓட்டை. சூப்பர்வைசர் அத்தன பேரு முன்னால கத்திப்போட்டான். நேத்தில இருந்து பிசிறு வெட்டற எடத்துல உக்கார வெச்சிருக்கான்."

"எங்கிட்ட சொல்லலீங்களே."

"உங்கிட்ட எங்க சொல்லும்? 'எம்பட புள்ளைக்கே ஒடம்பு செரியில்ல, இதயும் சொல்லி அதைப் பயப்படுத்தாதே'ன்னுது."

பிசிறு வெட்டுவது புதிதாக வருகிறவர்கள் செய்கிற வேலை. தொங்குகிற நூலைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா செக்கிங்குக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

குளித்துவிட்டு வந்தவள் தலையைத் துவட்டும்போது முடி கொத்தாக வந்தது. சுருட்டி முந்தானையில் மறைத்துக்கொண்டாள். நான் பார்க்காதது போல டைரியை எடுத்தேன்.

அவள் தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை. அலமாரியில் ஆஸ்பத்திரி பாட்டில் இருக்கிறது. குறைந்துகொண்டுதான் வருகிறது.

ஆகஸ்ட் 9, சனி

இன்று டாக்டர் நஸ்ரீனைப் பார்த்தேன். என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். விரல்களை நீட்டச் சொல்லி, அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது.

"இப்ப அட்டாக் இருக்கா?"

"இல்லைங்க மேடம்."

"அட்டாக் இல்லாதப்பவே இப்படி ஓடுது. இது பயத்தோட ஓட்டம் மாதிரித் தெரியல. தைராய்டு திரும்பப் பாருங்க. சத்து மாத்திரை, முடி கொட்டறதுக்கு மாத்திரை, எதாச்சும் எடுக்கறீங்களா?"

"இல்லைங்க."

அவர் எழுதிய சீட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மாவையும் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "எனக்கெதுக்கு?" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மேம்பாலம் வந்ததையும் போனதையும் நான் கவனிக்கவில்லை. அவள் தலை கனமாக இருந்தது.

ஜெனிட்டா அக்கா இருவருக்கும் எடுத்தார். மஞ்சள் மூடி போட்ட இரண்டு குழாய்கள், ஒரே ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் காத்திருந்தேன்.

முதலில் என்னுடையது வந்தது. டி.எஸ்.எச் 0.03. டி4, அதாவது அந்த ஹார்மோன், மேலே ஏறியிருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, எனக்கும் தைராய்டு என்று.

அடுத்து அம்மாவுடையது. டி.எஸ்.எச் 74.

ஜெனிட்டா அக்கா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "குழாய மாத்தி ஒட்டிட்டனோ?" என்றவர், தானே, "மாத்தி ஒட்டுனாலும் ரெண்டும் இப்பிடி வராதே" என்றார். மெஷினில் திரும்ப ஓட்டினார். அதேதான்.

"ஏ பிள்ள, அம்மா மாத்திர ஒழுங்காப் போடுதாங்களா?"

"போடறாங்க அக்கா. பாட்டில் குறையுது."

"குறையுதுல்லா? பெறவு அந்த மாத்திர எங்க போவுது?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டார்.

நான் இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டில் ஒரு மூளை தொண்டை கிழியக் கூப்பிடுகிறது. இன்னொன்று போதும் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றியது போல. வெறும் வயிற்றில். காபிக்கு ஒரு மணி நேரம் முன்பு. இதே லேபில் எத்தனை பேருக்கு என் வாயால் சொல்லியிருக்கிறேன்: தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுங்க, ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ கூடாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

அம்மா எழுந்ததும் நானும் எழுந்துவிட்டேன். சமையலறைக் கதவோரம் நின்றேன். ஒரு கரண்டியில் சின்ன வெள்ளை மாத்திரையை வைத்து, இன்னொரு கரண்டியால் அழுத்திப் பொடித்தாள். தூள் சிந்தாமல் தம்ளரில் தட்டினாள். கரண்டியையும் அந்தத் தண்ணீரிலேயே அலசினாள். அதன்மேல் சீரகத் தண்ணீர். எவ்வளவு சுத்தமாகச் செய்தாள்.

"அம்மா."

திடுக்கிட்டுத் திரும்பினாள். இப்போதெல்லாம் திடுக்கிடுவதுகூட அவளுக்கு மெதுவாகத்தான் வருகிறது.

"எந்திரிச்சுட்டயா? குடி."

"அது உன்ற மாத்திரையா?"

கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீ வேண்டாங்கறே. எதுக்கு வேண்டாங்கறேன்னு எனக்குத் தெரியாதா? ஆயுசுக்கும் மாத்திர திங்கற புள்ளைன்னா, பொண்ணு பாக்க வார ஒறம்பரை யோசிப்பாங்க. அதுதான் உனக்கே தெரியாமக் குடுத்தேன். நல்லாயிட்டா நல்லாயிட்டுப் போகட்டும்னு."

"உனக்கு?"

"என்னைய இனி எவன் பொண்ணு பாக்க வாரான்?"

"அம்மா, விளையாடாதே. நீ போடவே இல்லையா?"

"ஆஸ்பத்திரியில ஒராளுக்குத்தான் அளந்து குடுக்கறாங்க. சேத்திக் கேட்டா யாருக்குன்னு கேப்பாங்க. பாதிப் பாதி போட்டுப் பாக்கலாமான்னு நெனச்சேன். ரெண்டு பேரும் அரை வயித்தோட கெடக்கறதுக்கு ஒருத்தி முழுசாச் சாப்பிட்டாப் போதும்னு வுட்டுட்டேன். எனக்கு ஒடம்பு பழகிப்போச்சு."

பழகிப்போன உடம்பு ஸ்வெட்டருக்குள் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தம்ளரைக் கையில் எடுத்தேன்.

"எனக்குத் தைராய்டு இல்லம்மா."

"டெஸ்ட்டு எடுத்தயே."

"எடுத்தேன். நல்லா இருந்துச்சு. அன்னிக்கே தெரியும். உங்கிட்ட சொல்லல."

"பின்ன எதுக்கு நெஞ்சு அடிச்சுது?"

"பயத்துல."

"எதுக்குப் பயம்?"

"தெரியலம்மா. சும்மாவே வரும். செத்துப்போயிருவேன்னு தோணும். அதுக்கு ஆஸ்பத்திரியில மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்டப் போறேன். மாத்திரையும் போடறேன். லேப்ல வெச்சிருக்கேன்."

நான் அம்மாவிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், அல்லது யார் செய்வினை வைத்தது என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"பஸ்ஸுல வருமா?"

"வரும்."

"வந்தா என்ன பண்ணுவே?"

"எறங்கி நடப்பேன்."

"அதான் செருப்பு அப்புடித் தேஞ்சிருக்குது" என்றாள்.

பிறகு என் கையிலிருந்த தம்ளரை வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றிய பிறகும் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப நாந்தான் உனக்கு அந்தப் படபடப்பச் சேத்தி வெச்சுட்டனா?"

பாட்டிலை எடுத்து ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். பொடிக்காமல் விழுங்கினாள்.

ஆகஸ்ட் 16, சனி

இருவரும் ஆஸ்பத்திரி. முதலில் அம்மாவுக்கு. அங்கிருந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தா தூக்கத்துலயே போயிருப்பீங்கம்மா" என்று சத்தம் போட்டார். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து, "டாக்டர் பையன் நல்லா அக்கறையாப் பாக்கறான்" என்றாள்.

பிறகு என் வரிசை. மனநலப் பிரிவு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவின் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண் யாரையோ பார்க்க வந்தவள் எங்களைக் கண்டுவிட்டாள்.

"ஏனுங்கக்கா, தைராய்டுக்கு இந்த லைன் இல்லீங்களே. அக்கட்டப் போகோணும்."

நான் தரையைப் பார்த்தேன். அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அது முடிச்சுட்டேன். புள்ளைக்கு இந்த லைனு."

அந்தப் பெண் போன பிறகு அம்மாவின் கையைப் பார்த்தேன். சேலை நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கியிருந்தாள். திங்கட்கிழமை கம்பெனி முழுக்கத் தெரிந்திருக்கும். அவளுக்கும் அது தெரியும்.

டாக்டர் நஸ்ரீன் நடந்ததை முழுக்கக் கேட்டார். என் ரத்தம் தானாகச் சமநிலைக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாமாம். "அது வடிஞ்ச பிறகும் உங்க பழைய பயம் கொஞ்சம் இருக்கும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க" என்றார். அம்மா, "இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. என்னன்னு தெரிஞ்சாச் சரி" என்றாள். டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நான் அங்கே போக ஆரம்பித்ததிலிருந்து அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வந்தது. படியேறும்போது. அம்மா இன்னும் பகலில் தூங்குகிறாள். சீரகத் தண்ணீரை நிறுத்திவிட்டோம். அந்த வாடையே இருவருக்கும் ஆகவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

அம்மா ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். இன்னும் பிசிறுதான் வெட்டுகிறாள். "உக்காந்துட்டே செய்யற வேல, நோகாமப் போகுது" என்கிறாள். சாயங்காலம் வந்ததும் கத்தரி பிடித்த கட்டைவிரலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சார் ட்ரெய்னிங்கை இன்னும் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார். வேலை நிரந்தரமில்லை. போகச் சொல்லவும் இல்லை.

ஆயுத பூஜைக்காக லேபைக் கழுவினோம். ஜெனிட்டா அக்கா மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, "பாவம், அன்னைக்கு இது மேலயும் சந்தேகப்பட்டேன்" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மாவுக்கு நானே ரத்தம் எடுத்தேன். ஜெனிட்டா அக்கா பக்கத்தில் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. கட்டு ரப்பரைக் கட்டினேன். என் நெஞ்சு ஓடியது, அது என் சொந்த ஓட்டம். மூச்சை விட்டேன். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே குத்தில் கிடைத்தது.

"நோகல" என்றாள். நொந்திருக்கும்.

அம்மாவுடையது 9. என்னுடையது 1.4. இறங்க வேண்டியது இறங்குகிறது, ஏற வேண்டியது ஏறியிருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

நேற்று மேம்பாலத்தில் வந்தது. இறங்கவில்லை. இறங்காததற்குக் காரணம் தைரியம் அல்ல, கூட்டத்தில் வாசல்வரை நகர முடியவில்லை. எப்படியோ தாண்டிவிட்டேன்.

டாக்டர் இனி தினமும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று மட்டும் எழுதுகிறேன்.

விடிந்ததும் சமையலறைக்குப் போனேன். என் மாத்திரை இப்போது லேபில் இல்லை. அம்மாவின் பாட்டிலுக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கிறது. மதியம் போடுவதை டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மா தன்னுடையதை வாயில் போட்டு, பச்சைத் தண்ணீர் குடித்து, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாள். நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தேன். குனிந்து பார்த்தாள்.

"போச்சா?"

"போச்சும்மா."

அடுப்பில் பால் வைக்கப் போனாள். "உனக்கு இப்பவே கலக்கறேன் கண்ணு. உன்ற மாத்திரைக்கு இந்த ஒரு மணி நேரமெல்லாம் வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

சொன்னார்தான்.

"இருக்கட்டும்மா. உன்ற கூடவே குடிச்சுக்கறேன்."

"தல வலிக்குதும்பே."

"வலிக்கட்டும்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நான் கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். இரண்டு பேருக்கும் தூக்கம் பாக்கி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.